காலண்டருக்குப் பின்னால் ஒரு எதிரிக் கரை

கல்பாக்கம் பக்கத்தில் ஒருவனைப் பிடித்துவிட்டார்களாம். பிரான்ஸ் மிலிட்டரிக்கு மேப் போட்டுக் கொடுத்தவனாம். அணு நிலையத்துக்குப் பின்பக்கமாகப் பாலம் போட்டு ஆள் இறக்குவதற்காகக் கால்வாயில் கயிறு கட்டி ஆழம் பார்த்தானாம். மாமல்லபுரத்துக்கு நேரே கடலில் ஒரு கப்பல் இரண்டு நாள் நகராமல் நின்றதை மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்களாம்.

இதை எனக்குச் சொன்னவள் செங்கல்பட்டில் இருக்கும் என் அக்கா வசந்தா. அவளுக்குச் சொன்னவர் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிற சுப்பிரமணி. சுப்பிரமணிக்குச் சொன்னவர் புதுப்பட்டினத்தில் இருக்கும் அவருடைய சகலை. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிரான்சின் துலூஸ் நகரத்தில் என் சமையலறையில் நின்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே நான் இதைக் கேட்டேன். அக்கா ஞாயிறுதோறும் போன் செய்வாள். தெருவில் சாக்கடை தோண்டியது, பக்கத்து வீட்டில் மாடி எடுத்தது எல்லாம் சொல்வாள். இதையும் அந்த வரிசையில்தான் சொன்னாள்.

"ஆளு பேரு என்னவாம்?"

"பேரெல்லாம் யாருக்குடி தெரியும். ஏதோ ஜிபூட்டின்னு ஒரு ஊராம், அங்க இருந்து வந்தவனாம். வூட்டு காலண்டர் பின்னாடியே மேப்பப் போட்டு, செவுத்துல மாட்டி வச்சிருந்தானாம். எவ்ளோ தைரியம் பாரு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அந்தக் காலண்டர் எனக்குத் தெரியும். அதைத் திருப்பிப் போட்டுப் படம் வரையச் சொன்னவளே நான்தான்.

"என்னடி, லைன்ல இருக்கியா?" என்றாள் அக்கா.

இருந்தேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன்.

*

அந்த ஆளின் பெயர் ராமதாஸ். வயது ஐம்பத்தாறு. வீடு புதுப்பட்டினத்துக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாயின் மேற்குக் கரையில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நட்டு அறுத்தவர்கள். இவர் செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தார், ஒரு லாரி செட்டில் சில வருடம் ஸ்பேனர் பிடித்தார். இருபத்தொன்பது வயதில் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக ஜிபூட்டிக்குப் போனார். ஆப்பிரிக்காவின் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒரு சின்ன நாடு. அங்கே பிரெஞ்சு ராணுவத்தின் தளம் உண்டு. தளத்துக்கு உதிரிபாகம் சப்ளை செய்த காண்டிராக்டரிடம் இவர் கிடங்கு ஆள். தகரக் கொட்டகை, நாற்பத்தைந்து டிகிரி வெயில், பதினோரு வருடம்.

பிரெஞ்சு அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இடது பக்கம் பிரெஞ்சும் வலது பக்கம் ஆங்கிலமும் இருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே சாமான். ஆக, ஒரு சாமானுக்கு இரண்டு மொழியிலும் பெயர் கிடைத்துவிடும். எக்ரூ என்றால் நட்டு, ரொந்தேல் என்றால் வாஷர், வெரேன் என்றால் ஹைட்ராலிக் ஜாக்கி. காலிப் பெட்டியை எரிக்கப் போகும் முன் சீட்டை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து, நீள நோட்டில் ஒட்டிக்கொண்டார். ஊர் திரும்பியபோது அப்படி ஏழு நோட்டு.

"எல்லா வூட்லயும் ஆம்பள பொட்டி நெறைய செண்டு பாட்டிலு கொண்டாந்தான். எங்க வூட்டு ஆளு பொட்டிமேல ஒட்டின காயிதத்த கொண்டாந்தாரு" என்பார் அவர் மனைவி ரெபேக்காள். புதுப்பட்டினம் கடைத்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவர். அணு நிலைய டவுன்ஷிப்பில் வேலை செய்கிறவர்கள் சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் கடை முன்னால் தூக்குவாளியோடு நிற்பார்கள்.

நான் ராமதாஸைப் பார்த்தது ஆறு வருடத்துக்கு முன்னால். விடுப்பில் வந்திருந்தேன். அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டுமென்று திருவிடந்தைக்கு மாலை சாத்தப் போனோம். திரும்பும்போது மாமல்லபுரம் பக்கத்தில் ஈ.சி.ஆரில் கார் நின்றுவிட்டது. டிரைவர் யாருக்கோ போன் செய்தார். அரை மணியில் பழைய டி.வி.எஸ். ஒன்றில் கிரீஸ் சட்டையோடு ஒருவர் வந்து, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். துரு ஏறின நட்டு ஒன்று கழலவில்லை. அவர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு "எக்ரூ, எக்ரூ" என்று திட்டுகிறார்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சும் தமிழுமாகப் படித்தவள். ஈ.சி.ஆர். ஓரத்தில், சுடுகிற தார் மேல், ஒரு மெக்கானிக் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதும், எங்கே கற்றீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து, கையைத் துடைத்து, நேராக நின்று பிரெஞ்சில் பதில் சொன்னார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கிடங்கு எண் நான்கு. பதினோரு ஆண்டு. குறைபாடு ஏதுமில்லை."

குடும்பம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எண்ணிக்கை மூன்று. பயன்பாட்டு நிலையில் உள்ளது."

அவருக்கு இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். நிலவு, மழை, அன்பு எதற்கும் அவரிடம் சொல் கிடையாது. ஆனால் ஒரு ராணுவ லாரியின் பாகம் இரண்டாயிரத்துக்கு இரண்டு மொழியிலும் பெயர் சொல்வார். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

அலுவலகம் என்றால் துலூஸில் ஐந்து பேர் வேலை செய்கிற மொழிபெயர்ப்பு நிறுவனம். பிரெஞ்சு ராணுவ, தொழில்நுட்பக் கையேடுகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. பட்டம் வாங்கின மொழிபெயர்ப்பாளர்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக எழுதுவார்கள். ஆனால் அதைப் படித்து ஒருவன் சக்கரத்தைக் கழற்ற முடியாது. ராமதாஸ் எழுதுகிற ஆங்கிலம் கட்டாந்தரை. "முதலில் கையால் இறுக்கு. பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்." நான் அதைச் செப்பனிட்டு அனுப்புவேன். எங்கள் முதலாளியம்மாவுக்கு அவர் மேல் பெரிய மதிப்பு. லேப்டாப் வாங்கி அனுப்பினார். காரைப் பழுதுபார்த்து முடித்துக் குளித்துவிட்டு, பகலில் மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ராமதாஸ் மொழிபெயர்ப்பார். அந்த வருமானத்தில்தான் மகள் ஷாரோன் டிப்ளமோ முடித்தாள்.

*

ஏப்ரலில் ஒரு புது வேலை வந்தது. மிதவைப் பாலம். ஆற்றைத் தாண்ட வேண்டிய படை, தகரப் படகுகளை வரிசையாகக் கோத்து, மேலே தளம் போட்டு, லாரியை ஓட்டிக்கொண்டு போகும் பாலம். நூற்று நாற்பது பக்கம். வழக்கம்போல் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் அனுப்பியிருந்தார்கள். படம் யாருக்கும் தரமாட்டார்கள், அது அவர்கள் விதி. யாருக்காக இந்த வேலை, எந்த நாடு வாங்குகிறது, அதுவும் சொல்லமாட்டார்கள். முதலாளியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மே மாதம் ராமதாஸ் போன் செய்தார்.

"மேடம், சாமான் ஒண்ணொண்ணும் தெரியுது. கொக்கி தெரியுது, கம்பி ரோப் தெரியுது, நங்கூரம் தெரியுது. எந்தக் கொக்கி எந்தக் கரையிலன்றதுதான் பேஜாரா கீது."

"எந்த எடத்துலண்ணா குழம்புது?"

"இந்தக் கரை, எதிரிக் கரை, தண்ணி வர பக்கம் மேல்தண்ணி, போற பக்கம் கீழ்தண்ணி. பதினாலாம் படியில போட்ட நங்கூரத்த முப்பத்தொண்ணுல எடுன்றான். அத எங்க போட்டேன்னு எனக்கே மறந்துபூடுது. படத்தப் புடுங்கிக்கினு கதைய மட்டும் குடுத்தா எப்பிடி மேடம்? நான் கண்ணால பாக்காத சாமான என்னிக்கு எழுதிகீறேன்?"

அவர் வழி அது. பொருள் எப்படி உட்காருகிறது என்று தெரியாமல் ஒரு வரி எழுதமாட்டார். லாரி என்றால் செட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுவார். பாலத்துக்கு எங்கே போவது?

எனக்கு அன்று நான்கு வேலை தலைக்கு மேல். "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு எடத்த வச்சுப் படம் போட்டுப் பாருங்கண்ணா. கையேடு சொல்ற மாதிரியே ஒவ்வொண்ணா வச்சுக்கினு வாங்க, புரிஞ்சிடும்" என்றேன்.

அவருக்குத் தெரிந்த தண்ணீர் ஒன்றுதான், வாசலுக்கு முன்னால் ஓடுகிற கால்வாய். மளிகைக்கடைக் காலண்டரின் பெரிய தாளைத் திருப்பி, கால்வாயை வரைந்தார். தன் வீட்டுப் பக்கம் 'நமது கரை' என்று எழுதினார். எதிர்ப்பக்கம் என்ன எழுத வேண்டும் என்று கையேட்டிலேயே இருந்தது. 'எதிரிக் கரை' என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அந்த எதிரிக் கரையில் புதுப்பட்டினம் இருந்தது, கடைத்தெரு இருந்தது, ரெபேக்காளின் மாவுக் கடை இருந்தது. திசைக்கு அடையாளமாக உயரமான எதையாவது குறித்துக்கொள் என்று கையேடு சொன்னது. அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் உயரமாகத் தெரிவது எது என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அணு நிலையத்துப் புகைபோக்கியைக் குறித்தார்.

கையேட்டின் முதல் படி நீரின் அகலம், ஆழம், ஓட்டம் அளப்பது. அதையும் செய்துபார்த்தால்தான் அடுத்த படி புரியும் என்று அவருக்குப் பட்டது. பைபர் படகு வைத்திருக்கும் கூட்டாளி கலைவாணனைக் கூப்பிட்டார். இருவரும் ஒரு காலை நேரம் கால்வாய்க்குக் குறுக்கே நைலான் கயிறு கட்டி, மூங்கிலால் ஆழம் பார்த்து, தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு ஓட்டம் கணக்குப் பார்த்தார்கள். அன்று சாயந்திரமே போனில் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"கலைவாணன் கேக்கறான் மேடம், இன்னா மச்சான், எலெக்‌ஷனா வருது, பாலம் கட்ட அளவு எடுத்துக்கினு கீறேன்னு. இல்லடா, பிரான்ஸ்காரன் கேட்டுகீறான்னேன். அப்ப மொதல்ல ஆகாயத்தாமரைய வாரச் சொல்லுடா அவன, பாலம் அப்புறம் போட்டுக்கலாம்ன்றான்."

நானும் சிரித்தேன். அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊரை விட்டு வந்து பதினெட்டு வருடம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். இதற்கு மட்டும் பயப்படத் தெரியாமல் போயிற்று.

மொழிபெயர்ப்பு ஜூன் கடைசியில் வந்தது. ஒரு படி பிசகவில்லை. முதலாளியம்மா என் மேசைக்கே வந்து, உங்கள் ஆளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் என்றார்.

*

அக்காவின் போனை வைத்ததும் ராமதாஸ் எண்ணுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. ரெபேக்காள் எண்ணுக்கு அடித்தேன், எடுத்தார்.

"யம்மா, நீயா. எங்க வூட்டு ஆளு நல்லாத்தான் கீறாரு. புடிச்சுக்கினுலாம் போகல, கூப்ட்டு விசாரிக்கிறாங்க. காலையில போறாரு, சாயந்தரம் வராரு. ஆபீசுக்குப் போறாப்பல."

கால்வாய்ப் பாலத்தின் மேலிருந்து யாரோ அன்றைக்கு வீடியோ எடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் அது போனுக்குப் போன் சுற்றி, ஜூலைக் கடைசியில் போலீசுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் சுவரில் காலண்டரைப் பார்த்தார்கள். லேப்டாப்பையும் போனையும் எடுத்துக்கொண்டார்கள். ராணுவச் சீட்டு ஒட்டின ஏழு நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

"மாவு வாங்க வரவங்க அஞ்சு பேருக்கு ரெண்டு பேரு வரதில்ல. வரவங்களும் வாளியக் குடுத்துட்டு வேற பக்கம் பாத்துக்கினு நிக்கிறாங்க. அது கெடக்குது. ஷாரோன் விஷயந்தான்."

ஷாரோனுக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டெக்னீஷியன் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. மூன்று முறை பரீட்சை எழுதி, மூன்றாவது முறை கிடைத்தது. இருபத்துநான்கு வயது. போலீஸ் நற்சான்று மட்டும் பாக்கி. ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்தே முக்காலுக்குள் சான்று போய்ச் சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தகப்பன் மேல் விசாரணை திறந்திருக்கும்வரை சான்றில் கையெழுத்து விழாது.

மறுநாள் ராமதாஸே ரெபேக்காள் போனிலிருந்து பேசினார். குரலில் வருத்தத்தைவிடக் கூச்சம் அதிகமாக இருந்தது.

"எஸ்.ஐ. நல்ல மனுஷன் மேடம். திருநாவுக்கரசுன்னு பேரு. டீ வாங்கிக் குடுத்தாரு. ஒரே கேள்வியத்தான் ஒம்போது வாட்டி கேட்டாரு. ஏன்யா, அந்தக் கரையில எம் மச்சான் வூடு கீது, எம் பொண்ணு டியூசன் போறா, அத எப்பிடிய்யா எதிரின்னு எழுதன? நான் இன்னா சொல்ல. புக்குல அப்பிடி இருந்துச்சு சார்ன்னேன். எந்த புக்குன்னாரு. அத காட்டக்கூடாது சார், கையெழுத்துப் போட்டுக் குடுத்துகீறேன்னேன். யாருக்குய்யான்னாரு. தெரியாது சார்ன்னேன்."

"அப்புறம்?"

"பேனாவ மூடி வச்சிட்டாரு."

பிறகு சொன்னார்: "மேடம், அவருக்குப் படத்த வெளக்கிச் சொல்லச்சே ஒரு தப்பு கண்டுபுடிச்சேன். கால்வாயில தண்ணி ஒரே பக்கமா ஓடாது, கடலு ஏறினா ஒரு பக்கம், எறங்கினா ஒரு பக்கம். ஆத்துல அப்பிடி கெடையாதே. முப்பத்தாறாம் படியில மேல்தண்ணி கீழ்தண்ணிய நான் மாத்தி எழுதிகீறேன்னு நெனைக்கிறேன். திருத்தணும். லேப்டாப்பு அவங்ககிட்ட கீது."

அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பிழையைத் திருத்த என்னால் முடியும். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

திருநாவுக்கரசு கேட்டது பெரிய விஷயமில்லை. இந்தக் காகிதம் என்ன, யாருடையது, ரகசியமா இல்லையா, இந்த ஆள் உங்களிடம் என்ன வேலை செய்கிறார் என்று கம்பெனித் தாளில் முத்திரையோடு ஒரு கடிதம். வந்த அன்றே முடித்துவிடுகிறேன் என்று ராமதாஸிடம் சொல்லியிருந்தார்.

முத்திரை முதலாளியம்மாவிடம் இருந்தது. முதலாளியம்மா ஆகஸ்ட் முழுக்க ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனே மலையில் இருந்தார். இந்த நாட்டில் ஆகஸ்ட் மாதம் என்பது நம் ஊர்க் கோயில் நடை சாத்தின மாதிரி. உள்ளே யாரும் இல்லை என்பதல்ல, கூப்பிட்டால் வரக்கூடாது என்பது வழக்கம். செல்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதை அவர் பெருமையாகவே சொல்வார். மின்னஞ்சல் அனுப்பினால் ஒரே நொடியில் பதில் வரும்: செப்டம்பர் ஒன்றாம் தேதி வரை விடுப்பில் இருக்கிறேன். பதினேழு முறை அந்தப் பதிலை வாங்கினேன்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கம்பெனித் தாளில், என் பெயரில், நானே ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். ராமதாஸ் ஆறு வருடமாக எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர், அது ஒரு பயிற்சிக் கையேடு, வரைபடம் புரிந்துகொள்வதற்காகப் போட்டது, என் ஆலோசனையின் பேரில் போட்டது. இதெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒப்பந்தத்துக்குப் பயந்து ஒரு வரி சேர்த்தேன்: வாடிக்கையாளரின் பெயரை வெளியிட எங்களுக்கு அனுமதியில்லை.

பொய் எழுதக்கூடாது என்று நினைத்தேன். வேலை போய்விடுமோ என்றும் நினைத்தேன். இரண்டில் எது அந்த வரியை எழுத வைத்தது என்று இப்போதும் என்னால் பிரிக்க முடியவில்லை.

திருநாவுக்கரசு அதைப் படித்துவிட்டு ராமதாஸிடம் கேட்டாராம்: "யோவ், இத்தினி நாளு எனக்கு சந்தேகமே இல்லய்யா. இதப் படிச்சப்புறந்தான் வருது. ஃபாரின்ல ஒரு பொம்பள, கால்வாய வரைன்னு நான்தான் சொன்னேன்றா, யாருக்குன்னு சொல்லமாட்டேன்றா, முத்திரையும் கெடையாது. இத நான் மேல அனுப்பாம எப்பிடிய்யா வச்சுக்கறது?"

கோப்பு செங்கல்பட்டு மாவட்ட போலீஸ் ஆபீசுக்குப் போனது. அங்கே திருநாவுக்கரசு மாதிரி டீ வாங்கிக் கொடுக்கிறவர் யாருமில்லை.

அன்று ஷாரோன் என்னிடம் பேசினாள். அதுவரை ஒருமுறைகூட அவள் என்னோடு பேசியதில்லை.

"மேடம், நான் ஷாரோன்."

"சொல்லும்மா."

"நீங்க இனிமே லெட்டர் எதுவும் அனுப்பாதீங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல. யாருகிட்ட இருந்து வரணுமோ அவங்ககிட்ட இருந்து வந்தா போதும்."

"அவங்களத்தாம்மா புடிக்க முடியல."

"தெரியும் மேடம். அப்பா சொன்னாரு, அவங்க ஊருல இந்த மாசம் எல்லாரும் லீவுன்னு. எங்கப்பா நாலு நாளா கால்வாய்ப் பக்கமே போறதில்ல. வாசல்ல உக்காந்தா அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறாங்கன்னு உள்ள பூந்துக்கறாரு. பதினோரு வருசம் வெளிநாட்ல இருந்தவரு மேடம், அங்க யாரும் அவர இப்பிடி பாக்கலியாம்."

அவள் அழவில்லை. நான்தான் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

*

வாடிக்கையாளரை நேராகப் பிடிக்கப் பார்த்தேன். முதலாளியம்மாவின் அலமாரி பூட்டியிருந்தது. பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எழுதினேன். உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. உரிய பிரிவும் லீவில் இருக்கும். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் கடற்கரையிலிருந்து பேசினார். பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் கத்துவது கேட்டது. திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை செப்டம்பர் ஒன்று.

இரவில் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பேன். இங்கே எத்தனை, அங்கே எத்தனை. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது அந்தக் கணக்கு ஒன்றுதான் கையில் இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தைத் துடைக்க வந்த அம்மாளிடம், ஏனென்றே தெரியாமல், கதையைச் சொன்னேன். போர்த்துகல்காரர். ஐந்து வருடமாக முதலாளியம்மாவின் வீட்டையும் அவர்தான் துடைக்கிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, மலை வீட்டில் பழைய கம்பி போன் ஒன்று உண்டு, செடி வாடினால் கூப்பிடச் சொல்லி எண் கொடுத்திருக்கிறார் என்றார். கைப்பையில் தேடினார். கிடைக்கவில்லை. வீட்டில் எழுதி வைத்திருப்பேன், மத்தியானம் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். இப்போதே போகலாம், காரில் கொண்டுவிடுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வீடு ஊருக்கு வெளியே, ஒரு மணி நேரம். எண் குளிர்பெட்டிக் கதவில், ஒரு பீட்சாக் கடைச் சீட்டின் ஓரத்தில் இருந்தது.

அங்கே அவர் சமையலறையில் நின்றபடியே அடிக்கத் தொடங்கினேன். இங்கே பன்னிரண்டரை, செங்கல்பட்டில் நான்கு மணி. முத்திரை இல்லாமல், முதலாளியம்மா தன் வாயால் ஆங்கிலத்தில் நான்கு வரி சொன்னால் போதுமா என்று செங்கல்பட்டு அதிகாரியிடம் ராமதாஸ் கேட்டுவைத்திருந்தார். அந்த அதிகாரி சரி என்று சொன்னதே பெரிய விஷயம். ஐந்தே கால் வரை ஆபீசில் இருப்பேன், லைன் போட்டுக் கொடு, கேட்கிறேன் என்றாராம்.

முதல் முறை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது முறையும். மலையில் மதியச் சாப்பாட்டு நேரம், தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே மணி அடித்தால் கேட்காது என்று அந்த அம்மாள் சொன்னார். காபி போட்டுக் கொடுத்தார். குடிக்கவில்லை.

நான்கு இருபதுக்கு ஷாரோனிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. நீளமான வராந்தா. மர பெஞ்சில் ராமதாஸ் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பித்தான்வரை பூட்டியிருக்கிறது. இரண்டு கையும் முழங்கால் மேல். பக்கத்தில் ரெபேக்காள், மாவுக் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்க வேண்டும். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

மறுபடி அடித்தேன். மறுபடி.

நான்கு ஐம்பதுக்கு ஷாரோன் போனிலிருந்து ராமதாஸின் குரல் ஒன்று வந்தது, பதிவு செய்து அனுப்பியது. ஆபீஸ் என்பதால் குசுகுசுவென்று பேசியிருந்தார்.

"மேடம், அவரு உள்ளதான் கீறாரு. பைலு மேசமேல கீது, நான் கதவு வழியா பாத்தேன். நீங்க பதட்டப்படாதீங்க. அந்தம்மா சாப்ட்டுக்கினு இருப்பாங்க. சாப்ட்டு வரட்டும். எங்களுக்கு இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம் கீது."

அந்த அம்மாள் பதிவின் மொழி புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தியா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மேசைமேல் இரண்டு போன். ஒன்றில் செங்கல்பட்டு லைனை இணைக்கத் தயாராக ஷாரோனின் எண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மற்றதில் மலை வீட்டு எண்ணை ஏழாவது முறையாக அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டேன். பழைய காலத்து மணி. ஒரு நீள அடி, ஒரு நீள மௌனம், மறுபடி ஒரு அடி. ஐந்தானது. எட்டானது. அந்த அம்மாள் கைத்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டில் ஐந்து அடித்து ஆறு நிமிடம். பதினோராவது அடியும் முடிந்து, பன்னிரண்டாவது தொடங்கியது.